தொடையெலும்பு முறிவுக்குப் பிறகு மீண்டும் சைக்கிள் ஓட்டுவது: எப்போது, எப்படித் தொடங்குவது?

கேள்வி
எழுதியவர்: சாட்ஸ்வர்த் வாசகர், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலையில், ஹில்கிரெஸ்ட் பக்கத்திலிருந்து பைன்டவுனை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த ஒரு சிறு சரக்கு வண்டி என் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது தொடையெலும்பு நடுப்பகுதியில் முறிந்தது. இடது காறையெலும்பும் சில விலா எலும்புகளும் முறிந்தன. தலையிலும் அடிபட்டது, விழுந்ததற்கும் ஆம்புலன்ஸ் வந்ததற்கும் இடையில் நடந்த எதுவும் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. தொடையெலும்பின் உள்ளே நீண்ட உலோகத் தண்டைச் செலுத்தித் திருகாணிகளால் பொருத்தியிருக்கிறார்கள். காறையெலும்பில் தகடு இருக்கிறது.

இப்போது ஒற்றை ஊன்றுகோலுடன் நடக்கிறேன். எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்று எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் சொல்கிறார். ஆனால் சைக்கிளைப் பற்றிக் கேட்டால், "உயிர் பிழைத்ததே பெரிது, அதற்கென்ன அவசரம்" என்று சொல்லி அடுத்த நோயாளியை அழைத்துவிடுகிறார். வீட்டிலும் இதே பதில்தான். நான் நடக்கத் தொடங்கியது எல்லோருக்கும் போதுமானதாக இருக்கிறது. எனக்கு அது போதவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வாரம் முழுவதும் கணக்கேடுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இன்சாங்கா ஏற்றத்தில் கியரை இறக்கிக்கொண்டு, மூச்சும் மிதியும் ஒன்றாகி, போத்தாஸ் ஹில்லை அடையும்போது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி கிடப்பதைப் பார்ப்பதுதான் என்னை நானாக வைத்திருந்தது. தெருவில் ஒரு சைக்கிளின் சங்கிலி ஓசை கேட்டால்கூட மனம் அதன் பின்னால் போகிறது.

அனுபவமுள்ளவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்க விரும்புகிறேன். முழங்கால் தொண்ணூறு பாகைக்குச் சற்றுமேல்தான் மடங்குகிறது. இந்த நிலையில் வீட்டில் வைத்து ஓட்டும் நிலையான சைக்கிளையாவது தொடலாமா? அடுத்தது, காரில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போதுகூடப் பின்னால் கனரக வண்டி வரும் ஓசை கேட்டால் உடல் விறைத்து உள்ளங்கை வியர்க்கிறது. இவ்வளவு ஏங்கும் ஒன்றுக்கே இவ்வளவு அஞ்சுவது இயல்புதானா? கடைசியாக, அக்டோபரில் நடக்கும் அமஷோவா சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில் 1
எழுதியவர்: ஃபீனிக்ஸ் முதியவர்

தம்பி, முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். நடக்க முடிந்ததற்கு நன்றியோடு இருப்பதும், ஓட்ட முடியவில்லையே என்று ஏங்குவதும் ஒரே மனத்தில் ஒன்றையொன்று மறுக்காமல் இருக்கக்கூடியவை. பல ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு இடுப்புக் கூட்டு எலும்பு முறிந்தபோது, படுக்கையிலிருந்து எழ வேண்டும் என்ற விருப்பத்தைவிடச் சைக்கிளில் ஏற வேண்டும் என்ற விருப்பமே என்னைத் தினமும் பயிற்சி செய்ய வைத்தது. அந்த ஏக்கம் இல்லாமலிருந்தால் வலி மிகுந்த அந்த மடக்கல் நீட்டல்களை இரண்டாவது வாரத்திலேயே நிறுத்தியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அக்டோபரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த ஆண்டு வேண்டாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் ஓடும் அந்தப் பந்தயத்தில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில், யாரோ ஒருவர் முன்சக்கரத்தை உங்கள் பின்சக்கரத்தில் உரசினால் போதும். உங்கள் கால் மிதிப்பதற்கு ஆயத்தமாகிவிட்டாலும் விழுவதற்கு ஆயத்தமாகியிருக்காது. இவை இரண்டும் வேறு வேறு தகுதிகள். இரண்டாவது வருவதற்கு முதலாவதைவிட நெடுங்காலம் பிடிக்கும். கேட்டோ ரிட்ஜிலிருந்து தொடங்கும் 65 கிலோமீட்டர் பிரிவும், ஹில்கிரெஸ்டிலிருந்து தொடங்கும் 35 கிலோமீட்டர் பிரிவும் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கு அந்த 35 கிலோமீட்டரை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவும் உங்களுக்கு விபத்து நேர்ந்த பகுதியிலிருந்துதான் புறப்படுகிறது என்பதை இப்போதே எண்ணிப்பாருங்கள். அந்தச் சாலையில் முதன்முறையாகத் திரும்ப ஓட்டும் நாள் பந்தய நாளாக இருக்கக் கூடாது.

நம் தென்னாப்பிரிக்கச் சைக்கிள் வீரர் டேரில் இம்பியின் கதை உங்களுக்குத் தெம்பளிக்கக்கூடும். 2009ஆம் ஆண்டு துருக்கிச் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாளில், ஒட்டுமொத்த முன்னிலையில் இருந்தபோது, முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் இன்னொரு வீரரால் கீழே இழுத்துத் தள்ளப்பட்டு அவருக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது, பற்களும் போயின. நான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல், பிரான்சு சுற்றுப் பந்தயத்தில், ஒட்டுமொத்த முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்த முதல் ஆப்பிரிக்கர் என்ற பெயரைப் பெற்றார். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் பள்ளிப் படிப்பை முடித்தவரும் பிரான்சு சுற்றுப் பந்தயத்தை நான்கு முறை வென்றவருமான கிறிஸ் ஃப்ரூம், 2019 ஜூனில் சுவரில் மோதித் தொடையெலும்பு, முழங்கை, விலா எலும்புகள் எல்லாம் முறிந்து கிடந்தார். அடுத்த பிப்ரவரியிலேயே பந்தயத்துக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் அதன்பின் ஒரு பந்தயத்தைக்கூட அவர் வெல்லவில்லை. உலகத்தின் சிறந்த மருத்துவர்களும் முழுநேரப் பயிற்சியாளர்களும் உடனிருந்தவருக்கே அப்படி. பழைய வேகம் திரும்பாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொண்டு ஓட்டத் தொடங்கியவர்கள்தான் நெடுநாள் ஓட்டுகிறார்கள் என்பது என் கருத்து. ஃப்ரூமும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தார், அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் தலைக்கவசம் இன்னும் வீட்டில் இருந்தால் அதை மறுபடியும் அணியாதீர்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கி அதிர்வை வாங்கிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. வெளியில் விரிசல் தெரியாவிட்டாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. சட்டகமும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவையும் கார்பனால் ஆனவை என்றால், வண்ணப்பூச்சுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பிளவு இருக்கக்கூடும். விவரமறிந்தவரிடம் காட்டாமல் அதில் ஏற வேண்டாம்.

பதில் 2
எழுதியவர்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் இயன்முறை மருத்துவர்

அண்ணா, வணக்கம். எலும்பு முறிவுக்குப் பிறகான பயிற்சியே என் அன்றாட வேலை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை; ஆகவே கீழே இருப்பவற்றை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்கவேண்டிய கேள்விகளாக எடுத்துச் செல்லுங்கள்.

தொடையெலும்புக்குள் இருக்கும் தண்டு, குலை தள்ளிய வாழைக்குக் கொடுத்த முட்டுக்கோலைப் போன்றது. எலும்பு தானே சுமையைத் தாங்கும்வரை அது பக்கத்தில் நின்று தாங்குகிறது. எலும்பு கூடாமலேயே மாதக்கணக்கில் எல்லாச் சுமையையும் அதன்மீதே ஏற்றினால், உலோகம் களைத்துத் திருகாணியோ தண்டோ முறிந்துபோவதும் உண்டு. பெரியவர்களுக்குத் தொடையெலும்பின் நடுப்பகுதி முறிவு கூடுவதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு இன்னும் கூடுதலாகும். நீங்கள் மருத்துவரிடம் கேட்கவேண்டியது "எப்போது ஓட்டலாம்" என்பதல்ல. "முறிவின் குறுக்கே எத்தனை பக்கங்களில் புது எலும்பு பாலமிட்டிருக்கிறது" என்று கேளுங்கள். முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்த்தால் எலும்பின் நான்கு விளிம்புகள் தெரியும்; அவற்றில் மூன்றிலாவது பாலம் தெரிந்தால் கூடிவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இப்படித் தெளிவாகக் கேட்டால் எந்த மருத்துவரும் தெளிவாகவே பதில் சொல்வார்.

முழங்காலைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வழக்கமான கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டு) நீளத்தில் பெடலை முழுவதுமாக ஒரு சுற்றுச் சுற்ற முழங்கால் ஏறத்தாழ 105 முதல் 110 பாகை வரை மடங்க வேண்டும். தொண்ணூறைத் தாண்டியிருக்கிறீர்கள் என்பதால், மருத்துவர் தடை சொல்லவில்லையென்றால், நிலையான சைக்கிளில் உட்காரும் கட்டத்தை எட்டிவிட்டீர்கள். இருக்கையை வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தி வையுங்கள். உயரம் கூடினால் மேல்முனையில் முழங்கால் மடங்கவேண்டிய அளவு குறையும். முதலில் சுற்ற முயலாமல், வலி தொடங்கும் இடம்வரை பெடலை முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். சில நாட்களில் பின்னோக்கிய முழுச் சுற்று கைகூடும். பெரும்பாலானவர்களுக்கு முன்னோக்கிய சுற்றைவிட அதுதான் முதலில் வருகிறது. முழுச் சுற்று வந்த பிறகும் எதிர்ப்பை மிகக் குறைவாக வைத்து ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு மேல் போக வேண்டாம். பயிற்சியின்போது இழுத்துப் பிடிப்பதும் சிறிது வலிப்பதும் இருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்தால் முந்தைய நாள் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். இடுப்பு இருபுறமும் ஆடினால் இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டது. கடைசிச் சில பாகைகள் பல வாரங்களாகியும் வராமல் அடம்பிடித்தால், 165 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள குட்டையான கிராங்க் பொருத்திக்கொள்ளலாம். அதைக் குறையாக எண்ண வேண்டாம், வலியில்லாமல் நெடுந்தொலைவு ஓட்டுபவர்கள் பலர் விரும்பியே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

மடங்குவதைவிடப் பெரிய வேலை வலிமை. தொடையின் முன்பக்கத் தசை சில வாரங்களிலேயே கரைந்துவிடும். திரும்ப வளர மாதங்கள் ஆகும். முழங்கால் சில்லுக்கு மேலே ஒரே அளவு தொலைவில் இரு தொடைகளையும் துணி அளக்கும் நாடாவால் அளந்து பாருங்கள், வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இங்கே ஒரு வலையைச் சொல்ல வேண்டும்: சைக்கிளில் இரண்டு கால்களும் ஒரே அச்சில் சுழல்வதால் நல்ல கால் நோய்ப்பட்ட காலின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். மணிக்கணக்கில் மிதித்தாலும் பலவீனமான கால் பலவீனமாகவே இருக்கும். ஆகவே நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலால் எழுவது, தாழ்வான படியில் அந்தக் காலை மட்டும் ஊன்றி ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவற்றைச் சைக்கிளுக்கு வெளியே தனியாகச் செய்தே ஆக வேண்டும். அடிபட்ட காலின் வலிமை மற்றக் காலின் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்டிய பிறகு சாலைக்கு அனுப்புவதே எங்கள் வழக்கம்.

காறையெலும்பை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்ப்பதற்குக் கழுத்தும் தோளும் தடையின்றித் திரும்ப வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் உடலின் எடை முழுவதும் கைகள் வழியாகத் தோளில் இறங்கும். தரையில் முட்டியூன்றிக் கைகளில் எடையைத் தாங்க வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் ஹேண்டில்பாரில் சாய்வதற்கு இன்னும் நாளாகவில்லை. முதன்முறை வெளியில் ஓட்டும்போது காலணியைப் பூட்டும் பெடலைத் தவிர்த்துச் சாதாரணத் தட்டைப் பெடலைப் போடுங்கள். சட்டென்று காலை ஊன்ற முடிவதுதான் அப்போது முக்கியம்.

தலை அடிபட்டதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். நான் அப்படிக் கடக்க மாட்டேன். மூச்சு வாங்குமளவு பயிற்சி செய்யும்போது தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் தாங்காமை, கவனம் சிதறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இன்னும் வருகிறது என்றால் மூளை முழுமையாக ஆறவில்லை. அது ஆறுவதற்குள் இன்னொரு முறை தலை மோதினால் விளைவு மிகவும் கடுமையாக இருக்கும். நிலையான சைக்கிளில் கடினமாக ஓட்டியும் இவற்றில் எதுவும் வரவில்லை என்று உறுதியான பிறகே சாலையைப் பற்றி எண்ண வேண்டும். அதுபோலவே, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தாலோ, காரணமில்லாமல் மூச்சுத் திணறினாலோ, இரத்தம் உறைந்திருக்கக்கூடும். தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி அச்சம். ஏங்கும் ஒன்றுக்கே அஞ்சுவது முற்றிலும் இயல்பு. உங்களை இடித்தது கண்ணுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து வந்தது. ஆகவே பின்னால் கேட்கும் ஓசையை உடல் ஆபத்தாகவே பதிந்து வைத்திருக்கிறது. அந்த அச்சத்தை ஒரேயடியாக வெல்ல முயல்வது பலன் தராது. அதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் தவிர்த்துக்கொண்டே போனால் அது நாளுக்கு நாள் பெருகும். சிறு சிறு படிகளாக நெருங்குங்கள்: வீட்டில் நிலையான சைக்கிள், பிறகு வண்டிகளே வராத இடம், பிறகு வண்டிகள் குறைந்த நேரத்தில் தெரிந்த சாலை, அதுவும் உங்களுக்குப் பின்னால் ஒரு நண்பர் வர. டர்பனில் இருப்பவர்களுக்கு ஒரு பேறு, புளூ லகூனிலிருந்து தெற்கே நீளும் கடற்கரை நடைபாதை. காலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் இருப்பார்கள் என்பதால் மெதுவாகவே ஓட்ட முடியும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு படியிலும் உடல் தளர்ந்து இயல்பான பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆனால் கெட்ட கனவுகள், விபத்து மீண்டும் நடப்பதுபோன்ற காட்சிகள், காரில் ஏறவே மனம் மறுப்பது போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அதற்கென்று பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் போங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்ற நோய்க் குழு தொலைபேசி வழியாக இலவசமாக வழிகாட்டுகிறது. எலும்புக்கு மருத்துவரிடம் போகிற நாம் இதற்கு மட்டும் "தானே சரியாகிவிடும்" என்று காத்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஒன்று விட்டுப்போய்விட்டது. நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி. இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றாலும், புகைபிடிக்கும் பழக்கம் இருந்தாலும் எலும்பு கூடுவது தாமதமாகும். சோதித்துப் பல நாளாயிற்று என்றால் இப்போதே சோதித்துவிடுங்கள்.

பதில் 3
எழுதியவர்: டொங்காட் வாசகி

அண்ணா, என் கணவரும் சைக்கிள் ஓட்டுபவர்; கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலையில் விபத்துக்குள்ளாகி, மீண்டு, இப்போது மறுபடியும் ஓட்டுகிறார். எனவே உங்கள் வீட்டார் சார்பில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் விழுந்த பின்னர் நடந்தது உங்களுக்கு நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கும் தாயாருக்கும் அது எல்லாமே நினைவிருக்கிறது. தொலைபேசி வந்த நேரம், மருத்துவமனை நடைக்கூடம், யாரோ கையில் கொடுத்த உங்கள் கிழிந்த சட்டை: அவர்கள் இன்னும் அந்தக் காலை நேரத்திலேயே இருக்கிறார்கள். "உயிர் பிழைத்ததே பெரிது" என்று அவர்கள் சொல்லும்போது உங்கள் ஏக்கத்தைச் சிறுமைப்படுத்துவதாக எண்ணாதீர்கள். அவர்களுக்கு அச்சத்தைச் சொல்ல வேறு சொற்கள் இல்லை.

எங்கள் வீட்டில் சண்டையை நிறுத்தியது வாக்குறுதிகள் அல்ல. சில நடைமுறை ஏற்பாடுகள்தான். எந்த வழியில் போகிறார், எப்போது திரும்புவார் என்பதை முதல் நாள் இரவே சொல்லிவிடுவார். அவர் இருக்குமிடம் என் கைப்பேசியில் தெரியும். பட்டப்பகலிலும் பின்விளக்கு எரியும். பின்னால் வரும் வண்டியை நூறு மீட்டருக்கு அப்பாலேயே கண்டு ஹேண்டில்பாரில் காட்டும் ரேடார் கருவி ஒன்றை இருவருமாகச் சேர்த்து வாங்கினோம்; விலை அதிகம்தான், இருந்தாலும் வீட்டிலிருக்கும் எனக்கு அதனால் வந்த நிம்மதிக்கு அந்த விலை பெரிதில்லை. தனியாகப் போவதில்லை என்பதையும் அவரே முன்வந்து சொன்னார். இவை எதுவும் ஆபத்தை முழுவதும் போக்கிவிடாது என்பது எனக்குத் தெரியும். மேற்கு கேப் மாகாணத்தில், சைக்கிளைக் கடக்கும் வண்டி ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2013 முதல் விதி இருக்கிறது. அதைப் போன்ற தெளிவான விதி நாடு முழுவதும் வந்து, அது சாலையில் மதிக்கப்படவும் வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். குடும்பங்களின் மீது சுமத்தப்படும் இந்தக் கவலை உண்மையில் வண்டி ஓட்டுபவர்கள் சுமக்கவேண்டியது.

உங்கள் மனைவியைப் பயிற்சிக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள் அண்ணா. இயன்முறை மருத்துவர் என் கணவரின் காலைச் சோதித்து, இன்னும் இதற்குத் தகுதியில்லை என்று ஒருநாள் தடுத்ததை நான் நேரில் பார்த்தேன். "இப்போது போகலாம்" என்று பின்பு அவரே சொன்னபோது என்னால் அதை நம்ப முடிந்ததற்கு அதுதான் காரணம்.

பதில் 4
எழுதியவர்: மேர்பேங்க் வாசகர்

யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலை விபத்து நிதியத்திடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பித்துவிட்டீர்களா? எரிபொருள் விலையோடு சேர்த்து நாம் கட்டும் தீர்வையிலிருந்து நடக்கும் நிதியம் அது. சைக்கிள் ஓட்டியவருக்கும் அதில் உரிமை உண்டு. இடித்த வண்டி எது என்று தெரிந்தால் விபத்து நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். உங்களைப்போல் நிற்காமல் போன, அடையாளம் தெரியாத வண்டி என்றால் இரண்டே ஆண்டுகள்தான். குணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்து இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

மருத்துவச் செலவும் இழந்த வருமானமும் ஒருபுறம். வலிக்கும் வாழ்க்கை இன்பத்தை இழந்ததற்குமான ஈடு, காயம் "கடுமையானது" என்று மருத்துவர் உரிய படிவத்தில் மதிப்பிட்டுச் சான்றளித்தால் மட்டுமே கிடைக்கும். முழு உடலின் செயல்திறனில் 30 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட நிலையான இழப்பு என்பது அதற்கான ஓர் அளவுகோல், அதை எட்டாதவர்களுக்கு நீண்டகாலப் பாதிப்பின் தன்மையை விவரித்துக் காட்டும் வழியும் உண்டு. காவல் நிலையத்தில் பதிவான வழக்கு எண், ஆம்புலன்ஸ் பதிவு, எக்ஸ்ரேக்கள், ஒவ்வொரு ரசீது, சிதைந்த தலைக்கவசம், எதையும் எறிந்துவிடாதீர்கள். தலைக்கவசத்தை மறுபடி அணிய வேண்டாம் என்று ஃபீனிக்ஸ் ஐயா சொன்னது மிகச் சரி, ஆனால் அதைக் குப்பையில் போடவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சாட்ஸ்வர்த் வாசகர், டர்பன்

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஃபீனிக்ஸ் ஐயா, மிதிப்பதற்கு ஆயத்தமாவதும் விழுவதற்கு ஆயத்தமாவதும் வேறு என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அக்டோபரை விட்டுவிட்டேன். அன்றைய தினம் பந்தய வழியிலுள்ள டிரம்மண்டில் நின்று, ஓட்டி வருபவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். டொங்காட் தங்கையின் பதிலை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி இதுவரை என்னிடம் சொல்லாத பலவற்றை அன்றுதான் சொன்னாள். அடுத்த பயிற்சிக்கு உடன் வருவதாகவும் சொல்லியிருக்கிறாள். நிதியத்துக்கான படிவங்களை வாங்கி வர என் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இயன்முறை மருத்துவரிடம் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். புரட்டாசியில் எங்கள் வீட்டில் மாதம் முழுவதும் இறைச்சியும் மீனும் முட்டையும் கிடையாது. எலும்பு கூடும் நேரத்தில் இது தடையாகுமா? இன்னொன்று, நான் பிழைத்தால் அடுத்த தைப்பூசத்தில் என்னைக் காவடி எடுக்க வைப்பதாக என் தாயார் எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். வெறுங்காலுடன் தோளில் காவடி சுமந்து அவ்வளவு தொலைவு நடக்க இந்தக் கால் தாங்குமா?

பதில் 5
எழுதியவர்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் இயன்முறை மருத்துவர்

அண்ணா, புரட்டாசி விரதத்தை விடவேண்டியதில்லை. ஆனால் இரசமும் சோறுமாக மட்டும் நாளைக் கழிக்கக் கூடாது. எலும்பும் தசையும் வளரும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்பது வழக்கமான அளவு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே இதைக் கூட்ட வேண்டும். பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, கொண்டைக்கடலை, சோயா, தயிர், பனீர், வேர்க்கடலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்களுக்கு வைட்டமின் டி குறைந்திருப்பது வழக்கம். இரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

காவடியைப் பொறுத்தவரை, எலும்பு கூடியிருந்து ஊன்றுகோலும் இல்லாமல் நடக்கும் நிலைக்கு வந்துவிட்டால், தைப்பூசத்துக்குள் நடந்து முடிப்பது நடக்கக்கூடியதே. அதற்கு இப்போதிருந்தே ஆயத்தமாக வேண்டும். நடக்கும் தொலைவை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கடைசி இரண்டு மாதங்களில் புல்தரையில் வெறுங்காலுடன் நடந்து பழகுங்கள். இங்கே கோடையில் வரும் தைப்பூசத்தின்போது தார்ச்சாலையின் சூட்டில் கால் துடித்துத் துள்ளும்போது உடல் எடை சட்டென்று ஒரு காலுக்கு மாறும். பலவீனமான காலுக்கு அதுதான் ஆபத்து, எனவே காலைநேரத்தில் தொடங்கும் ஊர்வலமாகப் பாருங்கள். காவடித் தண்டு தகடு பொருத்திய இடது தோளில் படக் கூடாது. தோலுக்குச் சற்று அடியிலேயே இருக்கும் அந்தத் தகட்டின் மீது மணிக்கணக்கில் அழுத்தம் படிந்தால் புண்ணாகும். வலது தோளில் மட்டும் எடை குறைந்த சிறு காவடியாகவோ, தலையில் பால்குடமாகவோ எடுக்கலாமா என்று கோயில் ஐயரிடம் கேட்டுப் பாருங்கள்.

நடைக்காகச் செய்யும் இந்த ஆயத்தமே சைக்கிளுக்கும் வேண்டிய வலிமையின் பெரும்பகுதியைத் தந்துவிடும். அடுத்த எக்ஸ்ரே எடுத்த பிறகு எத்தனை விளிம்புகளில் பாலம் தெரிகிறது என்பதையும், முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்பதையும் இங்கே எழுதுங்கள். இருக்கை உயரத்தையும் பயிற்சி நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.